பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கணக்கேடு

பேச்சு மன்றம் ஒன்றிற் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரை நோக்கி, "எதற்காகச் சேர்ந்தீர்?" என்று கேட்டுப் பாருங்கள். "நன்றாகப் பேசப் பழக வேண்டும்" என்று விடை வரும். ஓராண்டு சென்றபின் அதே இளைஞரிடம், "நன்றாகப் பேசப் பழகிவிட்டீரா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றே தயங்குவார். ஓரளவு பழகிவிட்டேன் என்பார். இன்னும் பழக வேண்டும் என்றுஞ் சொல்வார். எதிற் பழகினார், எவ்வளவு பழகினார், எது இன்னும் எஞ்சியிருக்கின்றது என்று மேலும் வினவினால் அவரிடம் விடை இல்லை. அதற்குக் காரணம் அவருடைய சோம்பல் அன்று. புறப்படும்போது எங்கே போகின்றோம் என்பதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. ஆதலின் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றோம் என்பதையும் அவரால் அளந்து சொல்ல முடியவில்லை.

பேச்சு மன்றத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் தமக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொள்வது எப்படி, வகுத்த இலக்கை நோக்கிய முன்னேற்றத்தைக் கணக்கு வைத்து அறிவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை என்று நீளும் எங்கள் பகுதியில் வேளாண்மையே பலருக்கு வாழ்வு. வேளாண்மை செய்பவர் ஒருவர், "இம்முறை நன்றாக விளைய வேண்டும்" என்று இறைவனிடம் இரந்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவதில்லை. எந்த வயல், எத்தனை ஏக்கர், எந்த நெல்லினம், எந்த நாளில் விதைப்பு, எப்போது பசளை என்று அவர் மனத்திலே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சூடடித்து முடிந்ததும் ஏக்கருக்கு எத்தனை மூடை என்று எண்ணுவார். சென்ற போகத்தோடு ஒப்பிடுவார். குறைந்திருந்தால் தண்ணீர் பிந்தியதா, பூச்சி விழுந்ததா, விதை பழுதா என்று காரணம் தேடுவார். நெல்லுக்கு வைக்கும் கணக்கை நாவுக்கு மட்டும் நாம் ஏன் வைப்பதில்லை?

பேச்சுத்திறன் பிறவியிலே வருவது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருப்பதே அதற்குக் காரணம் என்று கருதுகின்றேன். நாவிலே வல்லமை உள்ளவன் பேசுவான், இல்லாதவன் கேட்பான் என்று எண்ணி அமைந்துவிடுகின்றோம். பழந்தமிழர் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. திருக்குறளிலே சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் உள்ளன. சொல்லும் திறம் ஒன்று, கேட்போரை அறியும் திறம் மற்றொன்று, சபைக் கூச்சத்தை வெல்லும் திறம் பிறிதொன்று என்று மூன்றையும் பிரித்து வைத்திருப்பதே நமக்கு ஒரு பாடம். ஒருவருக்கு மூன்றிலும் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்வளம் நிரம்பியவர் சபையைக் கண்டு நடுங்கலாம். நடுக்கமே இல்லாதவர் சபையின் தரம் அறியாமல் நீட்டி முழக்கலாம். எது தம் குறை என்று பிரித்துக் காண்பவருக்கே அதைத் தீர்க்கும் வழியும் தெரியும்.

இலக்கு என்ற சொல்லைச் சற்றே நோக்குவோம். வில்லாளி அம்பெய்யக் குறிவைக்கும் பொருளையே அச்சொல் முதலிற் குறித்தது. குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தைத்ததா, தவறியதா என்பதும் தெரிய வேண்டும். ஆசைக்கு அவ்விரண்டும் இல்லை. எங்கள் கரையோரத்தின் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கின்றேன். முஸ்லிம் மக்களிடையே கல்வி வளர வேண்டும் என்று அக்காலத்திற் பலரும் ஆசைப்பட்டனர். 1942ஆம் ஆண்டில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அவ்வாசையை ஓர் இலக்காக மாற்றினார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளோடு நட்புப் பூண்டு இப்பகுதியின் நிலையை ஆராய்ந்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர் 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் அமைந்தது. 'கல்வி வளர வேண்டும்' என்பது ஆசை. 'வறுமையினாற் படிப்பை நிறுத்த நேரும் திறமையுள்ள மாணவருக்கு உதவிப்பணம் கொடுப்போம்' என்பது இலக்கு. இவ்வாண்டு எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று பின்னதை எண்ணிப் பார்க்கலாம். முன்னதை எண்ண முடியாது.

அண்மைக்கால உளவியல் ஆராய்ச்சியும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. அமெரிக்க உளவியலாளர் எட்வின் லொக் என்பவர் 1968இல் இதுபற்றி ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 'இயன்றவரை நன்றாகச் செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, திட்டவட்டமானதும் சற்றே கடினமானதுமான இலக்கு வகுக்கப்பட்டவர்கள் மேலான பயன் காண்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் கரி லேதம் என்பவரும் அவருடன் சேர்ந்து அக்கொள்கையை விரிவாக்கி 1990இல் நூலாக வெளியிட்டனர். இலக்கை வகுத்தால் மட்டும் போதாது, எவ்வளவு முன்னேறினோம் என்ற செய்தி இடையிடையே நமக்குக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வற்புறுத்திய உண்மை. வயலுக்குத் தண்ணீர் திறந்தவன் வரம்பிலே நடந்து பார்க்காமல் இருக்கக் கூடாது என்று நம் கமக்காரர் சொல்வதும் இதுதான்.

இனி, இம்முறையைக் கைக்கொண்டு பயன்கண்ட சிலரைப் பற்றிக் கூறுகின்றேன்.

முதலாவதாக நினைவுக்கு வருபவர் பெஞ்சமின் பிராங்கிளின். அச்சுத்தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1727ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலே தம்மையொத்த சிலரைச் சேர்த்து 'ஜுன்ரோ' என்ற பெயரில் ஒரு மன்றத்தை அமைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் மாலையிற் கூடுவார்கள். ஒவ்வொருவரும் முறைவைத்து ஆராய்ச்சிக்குரிய வினாக்களைக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரை ஒன்றை வாசிக்க வேண்டும். விவாதம் சூடேறாமல் இருப்பதற்காக, 'நான் சொல்வதே சரி' என்று அடித்துப் பேசுவதும், பிறர் கூற்றை முகத்துக்கு நேரே மறுப்பதும் விலக்கப்பட்டன. மீறியவர் சிறுதொகையொன்றைத் தண்டமாகக் கட்டினார். பேசுவதற்கு மட்டுமன்றிப் பேச்சிலே அடங்கி நடப்பதற்கும் அங்கே பயிற்சி இருந்தது.

அதே பிராங்கிளின் தம் ஒழுக்கத்தைத் திருத்திக்கொள்ள ஒரு சிறு கொப்பியை வைத்திருந்தார். பதின்மூன்று நற்பண்புகளை அதில் எழுதினார். வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு நிரல்களும், பண்புகளுக்குப் பதின்மூன்று நிரைகளும் கோடிட்டார். ஒரு வாரத்துக்கு ஒரு பண்பின்மீதே தனிக் கவனம் வைத்தார். தவறிய நாளிற் கரும்புள்ளி ஒன்று விழும். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. தாம் எண்ணியதைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுதியாக இருக்கக் கண்டு வியந்ததாகவும், அவை குறைந்துவரக் கண்டு மகிழ்ந்ததாகவும் தம் வரலாற்றில் அவர் கூறுகின்றார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டமையால், துடைத்து எழுதத்தக்க தந்தத் தகடுகளுக்கு அவ்வட்டவணையை மாற்றிக்கொண்டாராம்.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, பதின்மூன்றையும் ஒரே நாளிற் பிடிக்க அவர் முயலவில்லை. மற்றது, முதலில் அவர் எழுதியவை பன்னிரண்டு பண்புகளே. உரையாடும்போது உம்மிடம் செருக்குத் தோன்றுகின்றது என்று நண்பர் ஒருவர் எடுத்துரைத்த பின்னரே பணிவு என்ற பதின்மூன்றாவது பண்பைச் சேர்த்தார். தம் குறையைத் தாமே முழுதும் காண எவராலும் இயலாது. கண்ணாடி பிறர் கையிலேதான் இருக்கின்றது. மன்றம் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிராங்கிளின் தம்மைச் சிறந்த பேச்சாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லைத் தேடித் தயங்குபவர் என்றே தம்மைப் பற்றி எழுதினார். ஆயினும் அவர் எடுத்துச் சொன்ன கருத்துகள் பெரும்பாலும் சபையில் ஏற்கப்பட்டன.

நம் நாட்டிலே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். தமிழிலே உரைநடைப் பிரசங்கம் என்பது அன்று சபைக்குப் புதிது. வெள்ளிக்கிழமை தோறும் அது நிகழ்ந்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய காலத்திற் கிறிஸ்தவப் பிரசங்க முறையை நாவலர் அணுகி அறிந்திருந்தார். கண்ட முறையைத் தம் நோக்கத்துக்கேற்ப அமைத்து, வாரந்தவறாத ஓர் ஒழுங்குக்குள் அதைக் கொண்டுவந்தமை அவருடைய திறமை. எப்போதாவது ஒருநாள் பேசுவோம் என்றிருந்தால் நாவலருக்கும் நாவன்மை நிலைத்திராது.

பேச்சுப் பயிற்சியையே நோக்கமாகக் கொண்டு, இலக்குகளைப் படிப்படியாக வகுத்த இயக்கம் என்றால் அது டோஸ்ட்மாஸ்டர்ஸ் இயக்கமே. ரால்ப் ஸ்மெட்லி என்பவர் 1905இல் அமெரிக்காவின் புளூமிங்டன் நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கத்திற் கல்விப் பொறுப்பாளராக இருந்தார். அங்கே வந்த இளைஞருக்குக் கூட்டத்திற் பேசவும் தலைமை தாங்கவும் தெரியவில்லை என்பதைக் கண்டு அவர்களுக்காக ஒரு மன்றம் நடத்தினார். அவர் வேறு ஊருக்கு மாறிச் சென்றதும் மன்றம் தளர்ந்தது. சென்ற ஊர்களில் மீண்டும் தொடங்கினார். அவர் அகன்றதும் அவையும் மறைந்தன. 1924 ஒக்ரோபர் 22ஆம் நாள் கலிபோர்னியாவின் சான்ரா ஆனா நகரிலே தொடங்கிய மன்றமே நிலைத்து நின்றது. நாளடைவில் அவருடைய பயிற்சித் திட்டம் எழுத்தில் அமைந்து, கைந்நூலாகப் பிற ஊர்களுக்கும் சென்றது. ஒரு மனிதரின் உற்சாகத்திலே மட்டும் நிற்கும் மன்றம் அவருடைய இடமாற்றத்தோடு போய்விடும். எழுதி வைத்த முறையிலே நிற்கும் மன்றம் தொடர்ந்து வாழும். அரசாங்கப் பாடசாலைகளிற் பணியாற்றும் எங்களுக்கு இவ்வுண்மை நன்றாக விளங்கும். ஊக்கமுள்ள தமிழாசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் மாணவர் மன்றம் உறங்கிவிடுவதை எத்தனை ஊர்களிற் காண்கின்றோம்!

அவ்வியக்கத்தின் அடிப்படைக் கைந்நூலிலே நெடுங்காலமாகப் பத்துப் பேச்சுகள் வகுக்கப்பட்டிருந்தன. முதற்பேச்சிலே தம்மைத் தாமே அறிமுகஞ் செய்வது, அடுத்துப் பேச்சை ஒழுங்குபடுத்துவது, மூன்றாவதிற் சொல்லவந்த கருத்தைத் தெளிவாக நிறுத்துவது, நாலாவதிற் சொற்றெரிவு, ஐந்தாவதில் உடலசைவு, ஆறாவதிற் குரலின் ஏற்ற இறக்கம், ஏழாவதிற் பொருளை ஆராய்ந்து பேசுவது, எட்டாவதிற் படம் முதலிய சாதனங்களைப் பயன்படுத்துவது, ஒன்பதாவதில் இணங்கச் செய்வது, பத்தாவதில் உள்ளத்தை எழுச்சிகொள்ளச் செய்வது. அத்திட்டம் 2020ஆம் ஆண்டோடு முடிந்து, ஐந்து படிநிலைகளைக் கொண்ட புதிய திட்டம் அதன் இடத்துக்கு வந்துள்ளது. ஆயினும் பழைய பத்திலும் புதிய ஐந்திலும் உள்ள தத்துவம் ஒன்றே: ஒரு பேச்சுக்கு ஓர் இலக்கு. குரலைப் பயிலும் நாளிற் குரலே முதன்மையான இலக்கு.

அங்கே நேரங்காப்பவர் ஒருவர் இருப்பார். ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சாயின் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதிற் சிவப்பு என்று விளக்கு எரியும். 'ஆ', 'ஊ' என்று இழுப்பதையும் பொருளின்றி இடைச்செருகும் சொற்களையும் எண்ணுபவர் ஒருவர் இருப்பார். பேசியவரின் பேச்சை மதிப்பிட்டு இரண்டு மூன்று நிமிடத்திற் கூறுபவர் ஒருவர் இருப்பார். இந்த இயக்கம் நம் நாட்டிலும் வேரூன்றி, 2014இல் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகப் பேச்சுப் போட்டியில் இலங்கையரான தனஞ்சய ஹெட்டியாராச்சி முதலிடம் பெற்றமை நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. மேடையிலே நாம் காண்பது ஏழு நிமிடம்; அதன் பின்னே நிற்பது பல ஆண்டுப் பயிற்சி.

நேயர்களே, இவற்றையெல்லாம் நம் ஊர் மன்றத்துக்கு ஏற்றவாறு எப்படி அமைப்பது என்று இனிப் பார்ப்போம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியும் ஒரு மணிக்கூடும் போதும்.

முதலிலே இருக்கும் நிலையை அறிய வேண்டும். புதிய உறுப்பினரை மூன்று நிமிடம் தம்மைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. அந்தப் பேச்சை அதிற் பதிவுசெய்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். வீட்டிலே தனித்திருந்து அதைக் கேட்டவர் தம் பேச்சை அதற்குமுன் கேட்டதேயில்லை என்பதை உணர்வார். இதுவே புறப்படும் இடம்.

அடுத்து, கேட்டதிலிருந்து ஒரு குறையை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனை எண்ணக்கூடிய வடிவில் எழுத வேண்டும். 'சபைக்கு அஞ்சமாட்டேன்' என்று எழுதுவதில் என்ன பயன்? 'பேசத் தொடங்குமுன் மூன்று பேரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பேன்' என்று எழுதலாம். 'அழகாக முடிப்பேன்' என்பதைவிட, 'முடிவு வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி, அதைச் சொல்லி முடித்ததும் அமர்வேன்' என்று எழுதுவது நன்று. முன்னையவை நடந்தனவா என்று எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பின்னையவற்றுக்குப் பின்வரிசையில் இருக்கும் சிறுவனுஞ் சாட்சி சொல்வான்.

மூன்றாவது, கொப்பியின் பக்கத்தை ஆறு நிரல்களாகப் பிரியுங்கள். திகதி, பேசிய பொருள், எடுத்த நேரம், அன்றைய இலக்கு, கண்ட பயன், அடுத்த இலக்கு. மதிப்பிடுபவருக்கு இக்கொப்பியை முன்னரே காட்ட வேண்டும். அவர் அன்றைய இலக்கைப் பற்றியே முதலிற் பேச வேண்டும். ஆளைப் பற்றிப் பேசாமல், கண்டதையும் கேட்டதையும் பற்றிப் பேச வேண்டும். 'நீர் அவசரக்காரர்' என்பது நிந்தனை. 'இரண்டாம் பகுதியிலே மூச்சு விடாமல் ஐந்து வாக்கியம் சொன்னீர்' என்பது மதிப்பீடு. எங்கள் ஊர் ஆசிரியர் கலாசாலையிற் பயின்று வந்தவர்களுக்கு இது புதிதன்று. கற்பித்தற் பயிற்சியின்போது வகுப்பின் பின்னால் அமர்ந்து விரிவுரையாளர் எழுதும் குறிப்பு இவ்வகையதே.

இவ்வாறு கணக்கு வைப்பதால் வரும் பயன் குறை குறைவது மட்டும் அன்று. குறையின் காரணம் புலப்படுவதும் பெரும்பயன். எங்கள் மாணவர் மன்றத்தைச் சேர்ந்த ஒரு மாணவியின் கொப்பி என் நினைவுக்கு வருகின்றது. 'வந்து', 'அதாவது' என்ற இரு சொற்களையும் குறைப்பது அவர் எடுத்துக்கொண்ட இலக்கு. முதல் நாள் மூன்று நிமிடத்தில் அவை 23 முறை வந்தன. அடுத்த கூட்டத்தில் 15. அதற்கடுத்த கூட்டத்தில் 18 ஆக ஏறிவிட்டது. மாணவி மனமுடைந்தார். கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. முதலிரண்டு நாளும் அவர் பேசியது தம் ஊரையும் உம்மாவின் பாய் பின்னும் தொழிலையும் பற்றி. மூன்றாம் நாள் எடுத்த பொருளோ அவருக்குப் பழக்கமில்லாதது. உற்றுக் கேட்டபோது, ஒரு கருத்திலிருந்து மற்றொரு கருத்துக்குத் தாவும் இடங்களிலேயே அச்சொற்கள் குவிந்திருந்தன. அப்படியானால் குறை நாவில் இல்லை. அடுத்து என்ன சொல்வது என்ற தெளிவின்மையில் இருக்கின்றது. 'அச்சொற்களைச் சொல்லமாட்டேன்' என்ற இலக்கை நீக்கி, 'ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்தையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேடையேறுவேன்' என்று எழுதினார். நாலாவது கூட்டத்தில் எண்ணிக்கை 9. எண்ணிப் பார்த்திராவிடில், 'எனக்கு நாக்குச் சரியில்லை' என்ற முடிவோடு அம்மாணவி மன்றத்தை விட்டே விலகியிருக்கவுங் கூடும்.

இம்முறையிலும் சில அபாயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

முதலாவது அபாயம், பரிசை இலக்காகக் கொள்வது. தமிழ்மொழித் தினப் போட்டிக்காலம் வந்தால் நம் பாடசாலைகள் எல்லாம் பேச்சினால் நிறையும். பாடசாலை மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம் என்று அது வளர்ந்து செல்லும். போட்டி நல்லதே, அதனால் தமிழ் வளர்கின்றது. ஆனால், ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை மனனஞ் செய்து ஒரு பிள்ளை மேடையேற, ஏனைய பிள்ளைகள் எல்லாரும் கைதட்டுவதோடு நின்றுவிட்டால், அங்கே பேசப் பழகியவர் யார்? பரிசு பிறர் கையில் இருப்பது. நம்மினுஞ் சிறந்தவர் ஒருவர் வந்தால் அது போய்விடும். நேற்றைய என்னைவிட இன்றைய நான் தெளிவாகப் பேசினேனா என்பதோ என் கொப்பியிலே இருப்பது. ஒரு தொழிலைப் புதிதாகக் கற்கும் நிலையிலே, வெற்றியின் அளவை இலக்காக வைப்பதைவிடக் கற்கும் முறையை இலக்காக வைப்பதே பயன் தரும் என்று லொக், லேதம் வழிவந்த ஆராய்ச்சிகளும் கூறுகின்றன.

இரண்டாவது, எண்ணக்கூடியதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது. நேரம் சரி, சொற்குறை இல்லை, கையசைவு அளவோடு இருந்தது. ஆனால் சொன்ன கருத்து ஒன்றும் இல்லை என்ற நிலையும் வரலாம். ஆகவே கொப்பியின் அடியில் ஒரு வினாவை நிரந்தரமாக எழுதி வையுங்கள்: 'என் பேச்சைக் கேட்டவர் வீட்டுக்கு எதைக் கொண்டுசென்றார்?' கூட்டம் முடிந்ததும் ஒருவரிடம் அதைக் கேளுங்கள். நீங்கள் சொல்ல எண்ணியதும் அவர் விளங்கிக்கொண்டதும் ஒன்றாயிருந்தால் அதுவே வெற்றி.

மூன்றாவது, எல்லாருக்கும் ஒரே இலக்கை வைப்பது. கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு எழுந்து நின்று தன் பெயரைச் சொல்வதே ஒரு மலையேற்றம். அவருக்கு முதல் மாதம் கூட்ட அறிக்கையை வாசிப்பது, இரண்டாம் மாதம் நன்றியுரை கூறுவது, மூன்றாம் மாதம் இரண்டு நிமிடம் பேசுவது என்று வகுக்கலாம். வாயாடியான பிள்ளைக்கோ, பிறர் பேசும்போது கேட்டுக் குறிப்பெடுத்து மதிப்பீடு சொல்வதே நல்ல இலக்கு. சிலர் பேசப் பழக வேண்டும். சிலர் கேட்கப் பழக வேண்டும்.

கூச்சம் என்றதும் காந்தியடிகளின் நினைவு வருகின்றது. இங்கிலாந்தின் வென்ட்னர் என்னும் ஊரிலே சைவ உணவாளர் கூட்டமொன்றில், எழுதி வைத்திருந்ததை வாசிக்க எழுந்து, கண் மங்கி உடல் நடுங்கியமையால், வேறொருவரே அதை வாசிக்க வேண்டியதாயிற்று என்று தம் சத்திய சோதனையிலே அவர் எழுதியுள்ளார். பின்னர் பம்பாயில் முதல் வழக்கிலே எழுந்து நின்றவர் வாய் திறவாமலே அமர்ந்துவிட்டார். அதே மனிதர் 1893இற் பிரிட்டோரியா நகரத்து இந்தியரைக் கூட்டி அவர்களின் நிலை பற்றிப் பேசினார். அதுவே தம் வாழ்வின் முதற் பொதுப்பேச்சு என்று அவர் கூறுகின்றார். இடையிலே நாவு மாறிவிடவில்லை. சொல்ல வேண்டிய பொருள் ஒன்று கிடைத்தது. அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளத்தில் எழுந்தது. பொருளையும் அவர் முன்னரே சிந்தித்து ஆயத்தஞ் செய்திருந்தார்.

இங்கேதான் நாம் அடிப்படையான வினாவுக்கு வருகின்றோம். பேச்சு எதற்காக?

எங்கள் மாவட்டத்திலே ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடைபெறும். எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பை முடிப்பது என்பன அங்கே தீர்மானிக்கப்படும். உத்தியோகத்தர்கள் மேடையிலே இருப்பார்கள். கமக்காரர் கீழே இருப்பார்கள். வாய்க்காலின் கடைசி அந்தத்தில் வயல் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் பிந்தியே வரும். அவருடைய குறை நியாயமானது. ஆனால் எழுந்து நின்றால், நெஞ்சிலுள்ள கோபம் முழுவதும் ஒரே நேரத்தில் வாய்க்கு வருகின்றது. பழைய கதையிலே தொடங்குகின்றார். கேட்க வந்த விடயம் வருமுன் நேரம் முடிந்துவிடுகின்றது. தலைவாய்க்காலில் வயல் உள்ளவர் இரண்டு நிமிடத்தில் தம் கோரிக்கையைச் சொல்லி அமர்கின்றார். கூட்டக் குறிப்பிலே ஏறுவது இரண்டாமவரின் பேச்சே. சொல்லத் தெரியாமையால் ஒரு மனிதனுடைய வயல் காய்கின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் முகாம்களிலும் கந்தோர்களிலும் இழந்த வீட்டையும் வள்ளத்தையும் பற்றி அந்நியர் முன்னே எடுத்துரைக்க வேண்டிய நிலை ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. அவர்களிற் பலர், குறிப்பாகப் பெண்கள், அதற்குமுன் ஒரு கூட்டத்திலேனும் வாய் திறந்தவர்கள் அல்லர். கவி பாடவும் கதை சொல்லவும் வல்ல நாவுடையவர்கள் எங்கள் பெண்கள். முற்றத்திலே குறைவில்லாத அந்நாவு மேசைக்கு முன்னே கட்டுண்டு நின்றது. தமக்கு என்ன வேண்டும் என்பதை ஒழுங்காக மூன்று நிமிடத்திற் சொல்லும் பயிற்சி எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அந்நாட்களிற் கண்கூடாகக் கண்டோம்.

ஆகவே நம் மன்றங்களின் இலக்குகளிலே ஒன்றேனும் மன்றத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஆறு மாதப் பயிற்சிக்குப்பின் ஒவ்வோர் உறுப்பினரும் உண்மையான ஒரு கூட்டத்தில், உண்மையான ஒரு தேவைக்காக, ஒருமுறை பேச வேண்டும் என்று வகுத்துக்கொள்ளலாம். அது கிராம அபிவிருத்திச் சங்கமாக இருக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமாக இருக்கலாம். பள்ளிவாசல் மகல்லாக் கூட்டமாக, கமக்காரர் அமைப்பாக, மீனவர் சங்கமாக இருக்கலாம். வாய் திறவாத அயலவர் ஒருவரின் குறையை அவருக்காக எடுத்துரைப்பதாகவும் இருக்கலாம். கொப்பியின் கடைசிப் பக்கத்திலே எழுதத்தக்க இலக்கு அதுவே.

நேயர்களே, உங்கள் ஊரிலே மன்றம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். மன்றம் இல்லையாயின், நாலைந்து பேர் சேர்ந்து கிழமையில் ஒருநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சனசமூக நிலையத்தின் ஒரு மூலை போதும். முதற் பக்கத்தில் திகதியை எழுதுங்கள். அதன் கீழே ஒரே ஓர் இலக்கை, பிறர் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள். பேசுங்கள். பேசியபின் நடந்ததை நடந்தவாறே குறியுங்கள். பன்னிரண்டு பக்கங்கள் நிறைந்த பின்னர் யாராவது உங்களை நோக்கி, "நன்றாகப் பேசப் பழகிவிட்டீரா?" என்று கேட்டால், நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கொப்பியை எடுத்து அவர் கையிற் கொடுங்கள்.